சாப்பிட்டே ஆகணுமா, சிஸ்டர்?

அவர் கேட்டது அவ்வளவுதான். நான் சொன்ன பதிலும் சின்னதுதான்: "சாப்பிட்டாதான் ஐயா சீக்கிரம் வீட்டுக்குப் போக முடியும்." இரண்டு வருடம் ஆகிறது. மனசு இன்னும் அந்தப் பதிலிலேயே போய் நிற்கிறது.

பெருங்குடலின் வலது பகுதியை லேப்ராஸ்கோபியில், அதாவது வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு, எடுத்துவிட்டு முனைகளைச் சேர்த்துத் தைத்த மறுநாள் மாலை அது. காலையிலேயே சிறுநீர்க் குழாயை எடுத்தாயிற்று. வார்டு வராந்தாவில் இரண்டு முறை நடந்துவிட்டார். வலியும் மாத்திரைக்கு அடங்கியிருந்தது. காற்று மட்டும் இன்னும் பிரியவில்லை. வயிறு லேசாக உப்பியிருந்தது. வாயுவை நிரப்பிச் செய்த ஆபரேஷன்தானே, முதல் நாள் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சூப்பைப் பாதி குடித்துவிட்டு, கரண்டியைக் கிண்ணத்தின் விளிம்பில் சாய்த்து வைத்துவிட்டுத்தான் கேட்டார். நான் பதில் சொன்னதும் மறுபேச்சு பேசாமல் எடுத்துக் குடித்தார். ஒவ்வொரு வாய்க்கும் முன்னால் கரண்டி ஒரு நொடி அந்தரத்தில் நிற்கும். மூச்சை ஒருமுறை விடுவார், அப்புறம்தான் வாய்க்குள் போகும். பக்கத்திலேயே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிண்ணம் காலியானதும் சார்ட்டில் 'உணவு' என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

இரவு 2 மணிக்குப் பச்சையாக வாந்தி. மூக்கு வழியாக இரைப்பைக்குள் ரைல்ஸ் ட்யூப் போட்டதும் ஒரு லிட்டருக்கு மேல் வெளியே வந்திருக்கிறது. காலையில் டியூட்டிக்கு வந்தபோது மூக்கில் குழாயோடு படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும், "நீங்க சொன்னபடி சாப்பிட்டேனே, சிஸ்டர்" என்றார். கோபமே இல்லை. தான் எதில் தவறினோம் என்று தெரிந்துகொள்ளக் கேட்பவர் மாதிரி இருந்தது.

என் பக்கத்தையும் சொல்ல வேண்டும். நான் பயிற்சி எடுத்த காலத்தில், காற்று பிரியும்வரை ஒரு வாய் தண்ணீருக்குக்கூட நோயாளிகள் தவித்துக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பட்டினியால் பெரிய நன்மை எதுவும் இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகு சிறுகுடல் சில மணி நேரத்திலேயே அசையத் தொடங்கிவிடும். இரைப்பைக்கு ஒன்றிரண்டு நாள், பெருங்குடலுக்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும். சீக்கிரம் உணவு, சீக்கிரம் நடை, மார்ஃபின் வகை மருந்துகளை முடிந்தவரை குறைப்பது, தேவையில்லாத குழாய்களைத் தவிர்ப்பது என்று எல்லாவற்றையும் சேர்த்துச் செய்தால் உடம்பு வேகமாகத் தேறும் என்பதை டென்மார்க் அறுவை மருத்துவர் ஹென்ரிக் கேலெட் 1990களிலேயே காட்டிவிட்டார். எங்கள் வார்டில் இந்த முறை வந்த பிறகு மூன்றாம் நாளே தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு போனவர்கள் எத்தனையோ பேர். அதை நான் முழு மனதோடு நம்புகிறேன், இப்போதும்.

"சாப்பிடாம இருந்திருந்தாலும் குடல் நின்னிருக்கலாம், உங்க தப்பு இல்லை" என்று சர்ஜனும் சொன்னார். அது உண்மைதான், சிலருக்கு எல்லாம் சரியாகச் செய்தும் குடல் உறங்கிவிடும். அந்த ஐயா எட்டாம் நாள் நல்லபடியாக வீட்டுக்கும் போனார்.

ஆனால் எங்கள் நெறிமுறைத் தாளைத் திரும்ப எடுத்துப் படித்தேன். 'மறுநாள் முதல் விரும்பும் அளவு சாப்பிடலாம்' என்றுதான் இருக்கிறது. அந்த 'லாம்' என் வாயில் வந்தபோது 'ணும்' ஆகிவிட்டது. எப்போது மாறியது என்று யோசித்துப் பார்க்கிறேன். அன்றைக்கு மட்டும் இல்லை, சார்ட்டில் கட்டங்கள் வந்த நாளிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக மாறியிருக்கும் என்று தோன்றுகிறது. காலிக் கட்டத்தைப் பார்த்தால் கை பரபரக்கும். நின்று நின்று போன அந்தக் கரண்டியைக் குறிக்கத்தான் சார்ட்டில் கட்டம் எதுவும் இல்லை.

சரி, பாடம் கற்றுக்கொண்டேன் என்று எழுதவும் முடியவில்லை. அதற்குப் பிறகு கொஞ்ச நாள் எல்லோரிடமும் 'லாம்' போட்டே பேசினேன். வலிக்கிறது, நாளைக்கு நடக்கிறேன் என்று ஒரு அம்மா சொன்னார்கள். "முடியும்போது நடக்கலாம்மா" என்று விட்டுவிட்டேன். அடுத்த நாளும் அப்படியே போனது. மூன்றாம் நாள் காய்ச்சல், நுரையீரலில் சளி கட்டிவிட்டது. அன்று நான் 'ணும்' என்று சொல்லியிருக்க வேண்டும்.

நேற்று ஒருவர் கட்டிலின் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டபடி, "நடந்தே ஆகணுமா?" என்று கேட்டார். உடனே பதில் சொல்லவில்லை. நேற்று ராத்திரி தூக்கம் எப்படி, குமட்டுகிறதா, எங்கே வலி என்று கேட்டுவிட்டு வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். மெத்தென்று இருந்தது.

"ஆமாங்கய்யா, நடக்கணும்" என்றேன்.

அவர் எழுந்து நின்று டிரிப் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டார். முதல் அடி வைப்பதற்குள் அவர் முகத்தை நான் எத்தனை முறை பார்த்தேனோ தெரியாது.