திண்ணை இருந்த இடம்

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இன்றைக்கு ஆராதனையில் எங்கள் சபை ஐயர் பிரசங்கத்துக்கு எடுத்த பைபிள் வசனம் எபிரெயர் 13:2. “அந்நியரை உபசரிக்க மறவாதிருங்கள், அதினாலே சிலர் அறியாமல் தேவதூதரையும் உபசரித்ததுண்டு.” கிரேக்க மூலத்தில் பிலோக்செனியா என்று இருக்கிறதாம், அந்நியர்மேல் வைக்கிற அன்பு. தெரிந்த நாலு பேரைக் கூப்பிட்டு இலை போடுவது அந்தக் கணக்கில் வராது என்றார். முப்பது வருஷம் தமிழ் நடத்தின எனக்கு உடனே விருந்து என்ற சொல் ஞாபகம் வந்தது. பழந்தமிழில் விருந்து என்றால் புதுமை. முன்பின் தெரியாமல் வந்து நிற்கிறவர்தான் விருந்து. இப்போது சம்பந்தி வீட்டாரும் பிரியாணியும்.

அறியாமல் உபசரித்தவர்களில் முதல் ஆள் ஆபிரகாம். வெயில் நேரத்தில் மூன்று பேரைக் கண்டதும் ஓடிப்போய்க் கும்பிட்டு, கால் கழுவத் தண்ணீர் கொடுத்து, மரத்தடியில் உட்காரவைத்தார். “கொஞ்சம் அப்பம்” என்றுதான் சொன்னார். கடைசியில் கன்றுக்குட்டியே அடித்தாயிற்று. ஆனால் அந்த வெயிலில் கூடாரத்துக்குள் மூன்றுபடி மாவு பிசைந்தது சாராள். பிரசங்கத்தில் சாராளின் முதுகுவலி வரவே வராது.

ஆகஸ்ட் 27, புதன்

கொரடாச்சேரி ரோடு முழுக்கக் காவி உடுத்திய பாதயாத்திரைக்காரர்கள். வெள்ளிக்கிழமை வேளாங்கண்ணியில் கொடியேற்றம். விடிய நாலு மணிக்கே “மரியே வாழ்க” கேட்க ஆரம்பித்துவிட்டது. மாதா சொரூபம் வைத்த சின்னத் தேரைத் தள்ளிக்கொண்டு, திருச்சிப் பக்கத்துக் கூட்டம் ஒன்று.

நாங்கள் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றாத சபை. ஆனாலும் வருஷா வருஷம் ஒரு நாள் எலுமிச்சை சாதமும் மோரும் எங்கள் வீட்டுப் பங்கு. ஐந்து கிலோ அரிசி போட்டும் பதினோரு மணிக்குக் குண்டான் காலி. காலில் கொப்புளம் வந்த ஒரு அம்மாவை உள்ளே கட்டிலில் படுக்கவைத்து, வெந்நீரில் கல்லுப்புப் போட்டுக் கொடுத்தேன். பாத்ரூம் கதவு மூடவே இல்லை. போனபிறகு வாசலெங்கும் பாக்குமட்டைத் தட்டு. அத்தை முனகிக்கொண்டே பெருக்கினார்கள்.

அத்தை பிறந்த ஊர் நீடாமங்கலம். அங்கிருந்த யமுனாம்பாள் சத்திரத்தைப் பற்றி ராத்திரி வெகுநேரம் பேச்சு. தஞ்சாவூர் மராட்டிய ராஜாக்கள் ராமேஸ்வரம் போகிற வழியெல்லாம் சத்திரம் வைத்தார்கள். ஒரத்தநாட்டு முத்தம்மாள் சத்திரம் 1802-ல் இரண்டாம் சரபோஜி கட்டியது. அந்தச் சரபோஜியைச் சிறுவயதில் பார்த்துக்கொண்டவர் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் என்று சபையில் நாங்கள் பெருமை பேசுவோம். அவர் வளர்த்த பிள்ளை வழிப்போக்கருக்குச் சத்திரம் கட்டினார். எங்கள் வீட்டிலோ ஒன்பது வருஷத்துக்கு முன் திண்ணையை இடித்துவிட்டு கிரில் கேட் போட்டோம். கார் நிறுத்த.

ஆகஸ்ட் 30, சனி

இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

சாயங்காலம் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. ஏழு மணிக்குக் கேட்டுக்கு வெளியே சன்ஷேடு அடியில் ஐந்து ஆண்கள், சாக்கு மூட்டைகளோடு. நடவுக்கு வந்த மேற்கு வங்காளத்து ஆட்கள். கூட்டிவந்த ஏஜென்ட் பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிட்டுப் போனவன், போனை எடுக்கவில்லையாம். அதில் சின்னவன் கையை வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டி, “அம்மா, பானி” என்றான்.

வீட்டுக்காரர் ஊரில் இல்லை. நானும் அத்தையும் மட்டும். பயம் வந்தது, பொய் சொல்லமாட்டேன். புதன்கிழமை வந்த நாற்பது பேரில் ஒருத்தர் பெயரும் எனக்குத் தெரியாது. அன்றைக்கு வராத பயம்.

சோறு போட்டேன். கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு நடுவே தட்டு நுழையாது என்பதால் பொட்டலமாகக் கட்டி நீட்டினேன். தண்ணீர் பாட்டிலும் அப்படியே. நின்றபடியே சாப்பிட்டார்கள். ஒன்பது மணிக்கு ஏதோ ஒரு டிராக்டர் வந்து ஏற்றிப்போனது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

ஆராதனையில் மனசு நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து ஒன்று பேதுரு 4:9-ஐ எடுத்துப் பார்த்தேன்: “முறுமுறுப்பில்லாமல் ஒருவரையொருவர் உபசரியுங்கள்.” முறுமுறுக்கவில்லை நான். பூட்டினேன். அதற்குப் பேதுரு ஒன்றும் எழுதி வைக்கவில்லை.

அவர் வந்ததும் சொன்னேன். “ரெண்டு பொம்பளைங்க தனியா இருக்கறப்ப திறக்காததுதான் சரி” என்றார். சரிதான். அந்தச் சரி எனக்குப் போதவில்லை.

செப்டம்பர் 3, புதன்

அந்த ஐந்து பேரும் வடக்கு வாய்க்கால் பக்கம் சம்பா நடவில் இருக்கிறார்கள். தங்குவது ஒரு மோட்டார் கொட்டகையில். கயிறு பிடித்து நேர்வரிசையாக நடுகிறார்கள். நடவு என்றால் பெண்கள் வேலை என்று இருந்த ஊரில் இதை நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். நம் பொம்பளைகள் கூலி போச்சே என்று ஒரு முணுமுணுப்பும் உண்டு, அதுவும் நியாயம்தான்.

மத்தியானம் அவரை அனுப்பிச் சாப்பிடக் கூப்பிட்டேன். கால் சேறு என்று கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்கள். அத்தைதான் ஹோஸ் பைப்பைத் திறந்து, “கழுவிட்டு வாங்கடா” என்று அதட்டினார்கள். பாஷை தேவைப்படவில்லை. கெண்டைமீன் குழம்பு. சின்னவன் மீன் தலையைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். சோறு போட்டுப் போட்டு எனக்குக் கை ஓய்ந்தது. ஐந்து பேர் பத்துப் பேர் சாப்பாடு சாப்பிட்டார்கள். எங்களுக்கு ரவை உப்புமா. கிண்டும்போது நன்றாகவே முறுமுறுத்தேன்.

சின்னவன் போனுக்கு சார்ஜ் போட்டவன் சார்ஜரை மறந்துவிட்டுப் போய்விட்டான். பிளக்கிலேயே தொங்குகிறது. நாளைக்கு வருவான், கேட்டை வெறுமனே சாத்தி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.