மகளுக்கு 19, வாட்சுக்கு 22

போன தீபாவளிக்கு மகளுக்கு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடுத்ததே ஈசிஜி எடுக்கலாம் என்பதற்காகத்தான். ஹாஸ்டலில் ராத்திரி படுக்கும்போது நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்று நாலைந்து தடவை போனில் சொல்லியிருந்தாள். எல்லாம் இணைத்து, பிறந்த தேதியைக் கொடுத்ததும், 22 வயது ஆனவர்களுக்கு மட்டும் என்று வந்து நின்றுவிட்டது.

18 என்றால் சரி, ஓட்டுப் போடுகிற வயது, அதென்ன 22? தேடிப் பார்த்தேன். மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் அமெரிக்காவின் எஃப்டிஏ, கருவி விஷயத்தில் 22ஆம் பிறந்தநாள் வரும்வரை எல்லோரையும் குழந்தைக் கணக்கில்தான் வைக்கிறதாம். 2018இல் வாட்ச் ஈசிஜிக்கு அங்கே அனுமதி கிடைத்தபோதே இந்த வரம்பும் கூடவே வந்திருக்கிறது.

"வருஷத்த மாத்திப் போடுப்பா" என்றாள். அது வேண்டாம் என்று வேறொரு கோணல் வேலை செய்தேன். என் வாட்சைக் கழற்றி அவள் கையில் கட்டி, பக்கத்துத் திருகில் விரல் வைக்கச் சொல்லி 30 நொடி எடுத்ததில் சைனஸ் ரிதம், அதாவது சீரான துடிப்பு என்று காட்டியது. நிம்மதியாகப் பிடிஎஃப் எடுத்துக்கொண்டு இதய மருத்துவரிடம் போனோம்.

அவர் படத்தைப் பார்க்கவில்லை, மேலே இருந்த பெயரைத்தான் பார்த்தார். என் பெயர், வயது 49. "சார், இது உங்க ஈசிஜியா, பாப்பாவோடதா?" எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அப்புறம் பொறுமையாகச் சொன்னார்: இந்த வாட்ச் முக்கியமாகத் தேடுவது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனை, அதாவது இதயம் தாறுமாறாகத் துடிக்கும் ஒரு கோளாறை, அது பெரும்பாலும் வயதானவர்களுக்கு வருவது, அதோடு படபடப்பு இல்லாத நேரத்தில் எடுத்த 30 நொடியை வைத்து, படபடக்கும்போது என்ன நடக்கிறது என்று எப்படிச் சொல்வது?

ஆஸ்பத்திரியில் வழக்கமாக எடுக்கும் 12 லீட் ஈசிஜி எடுத்துவிட்டு, 24 மணி நேரமும் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் என்ற கருவியை மாட்டி அனுப்பினார்கள். குளிக்கக் கூடாது, நெஞ்சில் ஒட்டிய பட்டைகள் அரிக்கும், கூடவே ஒரு டைரி. அதில் மகள் எழுதியது: "11.15 – படுத்திருந்தேன், படபட". அந்த நேரத்தில் துடிப்பு 128. திடீரென்று எகிறி அப்படியே சட்டென்று நின்றிருந்தால் வேறு மாதிரி யோசித்திருப்பாராம், இது மெதுவாக ஏறி மெதுவாக இறங்கியிருக்கிறது, எனவே ரத்தம் பாருங்கள் என்றார். ஹீமோகுளோபின் 8.4, ரத்தசோகை, படபடப்பு அதனால்தான். ஹாஸ்டல் சாப்பாட்டைப் பாதி நாள் சாப்பிடாமல் பிஸ்கட்டில் ஓட்டியிருக்கிறாள், அது அப்போதுதான் வெளியே வந்தது.

இரும்புச்சத்து மாத்திரை ஓடுகிறது. சும்மா இருக்கும்போது துடிப்பு 120ஐத் தாண்டினால் எச்சரிக்கும் வசதி அதே வாட்சில் 13 வயதிலிருந்தே உண்டு, அதைப் போட்டுவிட்டேன். என் ஹெல்த் ஆப்பில் மட்டும் மகளின் ஈசிஜி ஒன்று இன்னும் என் பெயரில் கிடக்கிறது, அழிக்க வேண்டும்.