பக்கத்து இருக்கை

பெங்களூர் யெலகங்கா விமானக் கண்காட்சியில் ஒன்பது கிரண் விமானங்கள் தலைக்கு மேல் இரைந்து சென்றதைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தவன் நான். செப்டம்பர் 4 வந்தால் அந்த நினைவுதான். 1964இல் அன்றுதான் அந்த ஜெட் பயிற்சி விமானம் பெங்களூரில் முதன்முதலாகப் பறந்தது. வடிவமைப்புக்குத் தலைமை தாங்கியவர் வி. எம். காட்கே.

அதன் இருக்கை அமைப்பு எனக்கு அவ்வளவு பிடிக்கும். ஆசிரியரும் மாணவரும் முன்னும் பின்னுமாக அல்ல, தோளோடு தோளாக உட்கார்வார்கள். மாணவனின் விரல்கள் பதறுகின்றனவா, கண் எந்தக் கருவியின் முள்ளைத் தேடுகிறது, எல்லாம் ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். பயந்த பிள்ளைக்கு அது எத்தனை பெரிய துணை!

கிரணை முதன்முதலில் ஓட்டிய சுரஞ்சன் தாஸ், 1970இல் மாருத் போர் விமானத்தைச் சோதிக்கையில் உயிரிழந்தார். பெங்களூரில் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது.