ஆச்சி என்றால் பாட்டி இல்லை

பேச்சு அதிகம் வராத என் மகனுக்காக வாங்கிய டேப்லெட் முதல் நாள் பேசியதும் வீட்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்றது, வானொலிச் செய்தி வாசிப்பவர் குரலில். என் மகன் அதைத் தள்ளி வைத்துவிட்டு, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனான். அதுவரை தண்ணீர் கேட்க அவனுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

அவனுக்கு அப்போது 6 வயது, ஆட்டிசம். வாயால் நான்கைந்து சொற்கள் வரும். அதில் ஒன்று "வேணுமா?" எதுவானாலும் வேண்டும் என்றால் நான் கேட்கும் அதே ராகத்தில் "வேணுமா?" என்பான். நான் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்கிறான் என்று புரிய எனக்கு நாளானது.

அந்த டேப்லெட்டில் இருந்தது, படத்தைத் தொட்டால் பேசும் செயலி. அதை வாங்குவதற்கே இரண்டு வருடம் தாமதித்தேன். "இதைக் கொடுத்தால் பிள்ளை வாயைத் திறக்கவே மாட்டான்" என்று நாங்கள் நம்பிய ஒருவர் சொல்லியிருந்தார். அப்புறம்தான் தேடிப் படித்தேன். 2006-ல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பில், வளர்ச்சிக் குறைபாடு உள்ள 27 பேரின் கதையைச் சோதித்திருந்தார்கள். படம், சைகை, கருவி என்று ஏதோ ஒரு வழியைக் கொடுத்த பிறகு ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை. 89 சதவீதம் பேருக்குக் கொஞ்சமாவது கூடியிருந்தது. 2014-ல் வந்த இன்னொரு ஆய்வில், அநேகமாகப் பேசாத 61 ஆட்டிசக் குழந்தைகளுக்கு விளையாட்டு வழியாகப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். அதோடு பேசும் கருவியும் கிடைத்த பிள்ளைகள் தாங்களாகவே அதிகம் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். அந்த இரண்டு வருடத்தை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

டேப்லெட்கள் பரவலாவதற்கு முன்பே சென்னையில் அஜித் நாராயணனும் அவர் குழுவும் 'ஆவாஸ்' என்ற பேசும் கருவியைத் தனிப் பெட்டியாகவே செய்திருந்தார்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. வெளிநாட்டுக் கருவிகள் லட்சக்கணக்கான ரூபாய் விலையில் விற்ற காலம் அது. நம் ஊர்ப் பிள்ளைகளை நினைத்து யாரோ உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய தைரியமாக இருந்தது.

சரி, எங்கள் வீட்டு டேப்லெட்டுக்கு வருகிறேன். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் யாரும் தண்ணீர் என்று சொல்வதில்லை. 'தண்ணி'தான். பிறந்ததிலிருந்து அவன் காதில் விழுந்ததும் அதுதான். தண்ணீர் என்பது அவனுக்குத் தெரியாத சொல். நாம் பேசுவது ஒரு தமிழ், எழுதுவது ஒரு தமிழ். பள்ளிக்குப் போகிற பிள்ளை இரண்டையும் தானாகப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு சொல்லையும் கைபிடித்துக் கற்கிற பிள்ளையிடம் போய், முதல் படியிலேயே இரண்டாவது தமிழைத் திணித்திருக்கிறேன்.

படத்துக்கு அடியில் என்ன எழுதுகிறோமோ அதைத்தான் கருவி வாசிக்கிறது என்று கண்டுபிடித்த இரவு, பிள்ளை தூங்கிய பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினேன். தண்ணி. வேணும். வேணாம். குடு. போதும். 'நான்' என்பதைத் தொட்டு 'வேணும்' என்பதைத் தொட்டால் "நான் வேணும்" என்று வந்தது. நம் மொழியில் வேண்டுவதற்கு 'எனக்கு' அல்லவா வேண்டும்? அதைத் தனிப் படமாக முதல் வரிசையில் வைத்தேன்.

பாட்டி என்று நரைத்த கொண்டையும் கண்ணாடியுமாக ஒரு படம் இருந்தது. அவன் அதைத் தொட்டதே இல்லை. எப்படித் தொடுவான்? அது யாரோ ஒரு அம்மாள். என் மாமியாரைப் படம் எடுத்துப் போட்டு, அடியில் 'ஆச்சி' என்று எழுதினேன். கண்ணாடிக் கோப்பை இருந்த இடத்தில் அவனுடைய எவர்சில்வர் டம்ளர். பனிமனிதனை எடுத்துவிட்டு, தேங்காய்ப்பால் குழம்பான எங்கள் சொதிக் கிண்ணம். மறுநாள் காலை அவன் அந்தப் பக்கத்தைத் திறந்து ஆச்சியைத் தொட்டான், தொட்டான், தொட்டுக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு தடவையும் ஆச்சி அடுக்களையிலிருந்து "என்ன எய்யா" என்று பதில் சொன்னார்கள். இருபது தடவையாவது இருக்கும். ஒரு தடவைகூட அவர்கள் சலிக்கவில்லை.

கருவியைக் கையில் கொடுத்துவிட்டால் பேச்சு வந்துவிடாது. நாமும் அதில் பேச வேண்டும். "சாப்பிட வா" என்று வாயால் சொல்லும்போதே 'சாப்பாடு', 'வா' இரண்டையும் நான் தொடுவேன். அவன் பார்ப்பான், பார்க்காமலும் இருப்பான். ஏழு மாதம் இப்படியே போனது. நாமும் ஒரு குழந்தையிடம் கிட்டத்தட்ட ஒரு வருடம் பேசிய பிறகுதானே அது முதல் சொல்லைச் சொல்கிறது.

யாரும் கேட்காமல், யாரும் கைபிடிக்காமல் அவன் சொன்ன முதல் சொல் 'வேணாம்'. ஒரு சனிக்கிழமை, எண்ணெய் தேய்க்கக் கிண்ணத்தோடு நிற்கிறேன். எண்ணெய் என்றால் அவனுக்கு ஆகாது. எப்போதும் அலறுவான், தலையைச் சுவரில் முட்டுவான். அன்று ஓடிப்போய் டேப்லெட்டை எடுத்து வந்து 'வேணாம்' தொட்டான். என் முகத்தைப் பார்த்தான். மறுபடியும் தொட்டான். என் கையெல்லாம் எண்ணெய். என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது ஆச்சிதான் சொன்னார்கள், "பிள்ளை சொல்லிட்டாம்லா, விடு." கையைத் துடைத்துக்கொண்டேன். அன்று எண்ணெய் வைத்திருந்தால் அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை என்று அவன் முடிவு செய்திருப்பான்.

படம் பார்க்க, பாட்டு கேட்க ஒரு பழைய போன் தனியாக இருக்கிறது. அதற்கு நேரக் கணக்கு உண்டு. டேப்லெட்டில் பேசுவதைத் தவிர வேறு எதுவும் திறக்காதபடி பூட்டியிருக்கிறேன்; அதற்கு நேரக் கணக்கே கிடையாது. முன்பு படித்த ஒரு பள்ளியில், சத்தம் போட்டான் என்று தண்டனையாக அதை வாங்கி பீரோவில் வைத்துவிட்டார்கள். சத்தம் போடுகிற மற்ற பிள்ளையின் வாயைக் கட்டுவார்களா? அன்று சாயங்காலம் அழுதுகொண்டேதான் அவனைக் கூட்டி வந்தேன். சார்ஜ் தீர்ந்துபோகிற நேரத்துக்கென்று முப்பது படங்களை அச்செடுத்து, ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் செய்து பையில் வைத்திருக்கிறேன். நெல்லையப்பர் கோயிலில் ஒரு நாள் அந்த அட்டைதான் கைகொடுத்தது.

குரல் மட்டும் ரொம்ப நாள் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு சின்னப் பையனுக்குப் பெரிய பெண்ணின் குரல். என் அக்கா மகன் இவனைவிட மூன்று வயது மூத்தவன். கோடை விடுமுறைக்கு வந்தபோது, மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க இரண்டு மத்தியானம் உட்கார்ந்து நூற்று நாற்பது சொற்களைத் தன் குரலில் பதிந்து கொடுத்தான். அண்ணன் குரலில் 'தண்ணி' என்று வந்ததும் இவன் சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

இப்போது இவனுக்கு 9. அண்ணனுக்கு 12 ஆகிவிட்டது, குரல் உடையத் தொடங்கியிருக்கிறது. போன வாரம் போனில் அவனே கேட்டான், "சித்தி, தம்பிக்கும் குரல் மாறும்லா? அப்ப நான் மறுபடி பேசித் தாரேன்." சரி என்றேன். அதற்குள் புதிதாகச் சேர்க்க வேண்டிய சொற்களை ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். இதுவரை அறுபத்திரண்டு.