பொகவந்தலாவையில் ஒரு கொடிக் கம்பி

ஹட்டனில் ரயிலை விட்டு இறங்கும்போதே மழை. நோர்வூட் வழியாக பொகவந்தலாவைக்கு பஸ் பிடித்து தேயிலைத் தோட்டத்தில் நண்பனின் லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீட்டுக்கு) போய்ச் சேர்ந்தபோது பையில் இருந்த துவாய்கூட நனைந்திருந்தது. வாசலில் கட்டியிருந்த கம்பிக் கொடியில் அதைப் போட்டுவிட்டு இஞ்சித் தேத்தண்ணியோடு உட்கார்ந்தேன்.

"ராத்திரி வெளிய போனா டோர்ச் எடுத்துக்கிட்டுப் போங்க தம்பி, புலி நடமாட்டம் இருக்கு" என்றார் நண்பனின் அப்பா. வன்னியில் வளர்ந்த எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் முதலில் வேறு ஞாபகம்தான் வந்தது. சரி, அதை விடுவோம். மலையகத்தில் சிறுத்தைக்குப் பேச்சுவழக்கில் புலி என்றுதான் பெயர். நண்பனின் மகளோ "இல்ல மாமா, அது சீட்டா" என்று போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள்.

வீடியோவில் ஓடியது உண்மையிலேயே சீட்டாதான், அதாவது சிவிங்கிப்புலி. இலங்கைக் காடுகளில் அது கிடையாது. இந்தியாவில் இருந்ததும் அற்றுப்போய்விட்டதாக 1952-இல் அறிவித்தார்கள். 2022 செப்டம்பரில்தான் நமீபியாவிலிருந்து எட்டைக் கொண்டுவந்து மத்தியப் பிரதேசத்தின் குனோ தேசியப் பூங்காவில் விட்டார்கள். சிவிங்கியின் உடம்பில் பொட்டு வைத்தாற்போல் தனித்தனிக் கரும்புள்ளிகள். சிறுத்தைக்கோ புள்ளிகள் வளையம் வளையமாகச் சேர்ந்திருக்கும். சிவிங்கியின் கண்ணிலிருந்து வாய்வரை கண்ணீர் வழிந்ததுபோல் ஒரு கறுப்புக் கோடும் உண்டு. இதைச் சொன்னதும் அவள் கேட்டாள்: "அப்ப நம்ம புலி அழுவாதா?"

மறுநாள் காலை நண்பனின் அப்பாவான ஐயாவோடு மலைக்கு ஏறினேன். தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில், பாதை நடுவிலேயே சிறுத்தையின் எச்சம் கிடந்தது. குச்சியால் கிளறிக் காட்டினார். சாம்பல் நிற மயிர், நடுவே முள்ளம்பன்றி முள்ளின் உடைந்த நுனி. முள்ளையும் சேர்த்து விழுங்கியிருக்கிறது! மரை, கேளையாடு, குரங்கு, முயல் என்று கிடைப்பதை எல்லாம் தின்னும். லயத்து நாயும் அந்தக் கணக்கில் சேர்த்திதான்.

ஆப்பிரிக்காவில் சிங்கமும் கழுதைப்புலியும் வந்தால் சிவிங்கி தன் இரையை விட்டுவிட்டுப் போய்விடும். இங்கே சிறுத்தைக்கு மேலே ஆளே இல்லை. சிங்கமும் வரிப்புலியும் இல்லாத தீவில் அதுதான் பெரிய துரை. சிவிங்கி வெட்டவெளியில் துரத்தும், இது பதுங்கியிருந்து பாயும். பதுங்குவதற்குத் தேயிலைச் செடியைவிட வசதி வேறென்ன? உச்சியிலும் ஆற்றோரத்திலும் மிஞ்சியிருக்கும் காட்டுத் துண்டுகளுக்கு இடையே ராத்திரியில் தோட்டத்து ரோட்டிலேயே நடந்து போகுமாம். குட்டிகளோடு செடிக்குள் படுத்திருக்கும் நேரத்தில் கொழுந்து பறிக்கப் போய்க் காயப்பட்டவர்களும் உண்டு. "நாங்க சத்தம் போட்டுக்கிட்டே போவோம். அதுவும் எங்கள மாதிரி பயந்ததுதான்" என்றார் ஐயா.

இலங்கைச் சிறுத்தை தனியொரு துணையினம், வேறெங்கும் இல்லை. வளர்ந்தவை 1000-க்கும் குறைவு என்றே கணிக்கிறார்கள். இந்த மலைகளில் அதற்கு எமன் துவக்கு அல்ல, கம்பிச் சுருக்கு. மரக்கறித் தோட்டத்தைக் கிளறும் காட்டுப்பன்றிக்கும், சிலவேளை இறைச்சிக்கும் வைப்பதுதான். பன்றி போகும் வழியில்தான் சிறுத்தையும் போகிறது. தலை நுழைந்து, உடம்பும் பாதி நுழைந்து, இடுப்பில் இறுகிவிடும். இழுக்க இழுக்க உள்ளுறுப்புகள் நசுங்கும். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை இப்படிச் சுருக்கில் மாட்டியது. உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் சில நாட்களில் செத்துப்போனது. சிவனொளிபாத மலைக்குப் போகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்குகிற அதே நல்லதண்ணிதான்.

நான் புலியைப் பார்க்கவில்லை. இரண்டு இரவும் நாய்கள் குரைத்தன, அவ்வளவுதான்.

கிளம்பும் அன்று, காட்டோரத்தில் சுருக்குக் கண்டால் என்ன செய்வீர்கள் என்று ஐயாவிடம் கேட்டேன். "கழட்டிட்டு வந்துருவேன். நல்ல கிளட்ச் வயரு தம்பி, வீணாக்கக் கூடாது" என்று வாசலைக் காட்டினார். மூன்று வயர்களை முறுக்கிச் சேர்த்துக் கட்டிய கொடி. என் துவாய் இன்னும் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது, ஈரம் காயாமல்.