121 குதிரைகளும் ஒரு கடிவாளமும்

காரைக்குடியில் பெரியம்மா பேத்திக்குக் கல்யாணம். எங்கள் சின்னக் கார் கிளட்ச் போய் ஒர்க்‌ஷாப்பில் படுத்துவிட்டது. ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட் 87. சரி, ஒரு நல்ல வண்டியாக வாடகைக்கு எடுத்து நானே ஓட்டிக்கொண்டு போகிறேன் என்று ஹோண்டா சிட்டி ஆட்டோமேட்டிக் ஒன்றை எடுத்தேன். உண்மையைச் சொன்னால் கல்யாணம் ஒரு சாக்கு. 2020-இல் ஐந்தாம் தலைமுறை சிட்டி வந்ததிலிருந்தே அதை ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை.

விடியற்காலை நாலரைக்கு வண்டியைக் கொண்டுவந்த பையன், "கீறல் எல்லாம் வீடியோ எடுத்துக்குங்க சார், பின்னாடி பிரச்சனை வரக்கூடாது" என்றான். நான் செல்போனைப் பிடித்துக்கொண்டு பிரதட்சணம் வர, அப்பா டார்ச் லைட்டோடு பின்னாலேயே வந்தார். சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். எதற்கும் நான்கெல்லை சொல்லாமல் விடமாட்டார். "இடது பின் கதவு. கைப்பிடிக்குக் கீழே. அரிசி நீளத்துக்கு ஒண்ணு. அதுக்குக் கிழக்கே இன்னொண்ணு." இதையெல்லாம் டைரியில் வேறு எழுதிக்கொண்டார். பையன் இரண்டு முறை கொட்டாவி விட்டான்.

வெளிச்சம் வந்தபிறகுதான் அம்மா நம்பர் பிளேட்டைக் கவனித்தாள். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. டாக்ஸி என்றால் மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. நாமே ஓட்டிக்கொள்ளும் வாடகைக் காருக்கு அதையே புரட்டிப் போட்டிருக்கிறார்கள். "கல்யாணத்துக்குப் போற வண்டியில கறுப்பா?" என்றாள். எலுமிச்சம்பழம் வைத்துத்தான் கிளம்பினோம்.

டிக்கியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 506 லிட்டர் என்று கம்பெனி சொல்கிறது. லிட்டர் கணக்கு என் மனைவிக்குப் புரியாது. அவள் கணக்கில் இரண்டு பெரிய சூட்கேஸ், சீர்த் தட்டுப் பை, மாம்பழக் கூடை, இருபது லிட்டர் தண்ணீர் கேன், அதற்கு மேலும் "இன்னும் கொஞ்சம் இடம் இருக்கே" என்ற பெருமூச்சு. பின் சீட்டும் அப்படித்தான். நடுவில் என் பையன், இரண்டு பக்கமும் மாமியார் மருமகள். அம்மா காலை நீட்டிக்கொண்டாள். எங்கள் சொந்தக் காரில் அவள் முட்டிக்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கும்.

தாம்பரம் தாண்டும் வரை சொர்க்கம். ஸ்டியரிங் ஒரு விரலுக்கு வந்தது. கியர் மாறுவதே தெரியவில்லை. சிவிடி, அதாவது படிப்படியான கியர்களே இல்லாத ஆட்டோமேட்டிக் என்பதால் மிதியைச் சட்டென்று அழுத்தினால் மட்டும் இன்ஜின் முதலில் சத்தம் போட்டுவிட்டு வண்டி பின்னால் யோசித்துக் கிளம்புகிறது. பதமாக அழுத்தினால் வெண்ணெய். ஒன்றரை லிட்டர் இன்ஜின், 121 குதிரை. செங்கல்பட்டு தாண்டட்டும், அப்புறம் காட்டுகிறேன் என்று மனதுக்குள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டேன்.

பரனூர் சுங்கச்சாவடி தாண்டியது. காட்டினேன். அறுபது, எழுபது, எண்பது. அதோடு சரி. தரையோடு தரையாக மிதித்தும் எண்பதைத் தாண்டி ஒரு முள் நகரவில்லை. வாடகை வண்டி என்பதால் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தியிருக்கிறார்களாம். ஒப்பந்தத்தின் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்ததை அப்பா படித்திருக்கிறார், நான்தான் படிக்கவில்லை. 121 குதிரையைப் பூட்டிவிட்டுக் கடிவாளத்தை ஆபீஸிலேயே வைத்துக்கொண்டுவிட்டார்கள்.

போதாக்குறைக்கு முள் எண்பதைத் தொட்டுத் தொட்டு நின்றதால் நிமிடத்துக்கு ஒரு 'டிங்'. 2019 ஜூலைக்குப் பிறகு வந்த எல்லாக் கார்களிலும் இந்த எச்சரிக்கை மணி உண்டுதான். ஆனால் அடுத்த டிங் எப்போது வரும் என்று வாட்சைப் பார்த்து முன்கூட்டியே சொல்லும் அப்பா எல்லாக் காரிலும் இருக்க மாட்டார்.

பிறகு எங்களை முந்தாதவர்கள் யாருமில்லை. ஆம்னி பஸ், அரசு விரைவுப் பேருந்து, வாழைத்தார் ஏற்றிய பிக்கப். விக்கிரவாண்டிக்கு முன்னால் ஒரு பழைய மாருதி 800 மெதுவாகப் பக்கத்தில் வந்தது. பின் சீட்டில் இருந்த ஒரு பாப்பா என்னை உற்றுப் பார்த்தது. கடலைமிட்டாயைக் கடித்தது. டாட்டா காட்டிவிட்டுப் போய்விட்டது. என் பையன் பதிலுக்கு டாட்டா காட்டினான். நான் காட்டவில்லை.

அம்மாவுக்கு மட்டும் ஒரே சந்தோஷம். "இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான்டா மனுஷன் மாதிரி ஓட்டுற" என்று சொல்லிவிட்டு உளுந்தூர்பேட்டை வரை அயர்ந்து தூங்கினாள். சாப்பிட நிறுத்த இடது பக்க இண்டிகேட்டர் போட்டேன். இந்த வண்டியில் இடது கண்ணாடிக்கு அடியில் ஒரு கேமரா. இண்டிகேட்டர் போட்டதும் அந்தப் பக்கத்துச் சாலை முழுவதும் நடுத்திரையில் வந்துவிடும். அருமையான வசதி. அம்மா கண் விழித்து, "வண்டி ஓட்டும்போது என்னடா டிவி?" என்றாள். அதோடு விடவில்லை. "ஒரே ரோட்டையே காட்டுறான்" என்றாள்.

ஊருக்குள் நுழையும் இடத்தில் யாரோ ஆசையாகக் கட்டிய வேகத்தடை ஒன்று, சமாதி உயரத்துக்கு. ஐந்து பேரும் மாம்பழக் கூடையும் ஏறிய செடானுக்கு அது ஆகாது. நான்கு பேரும் இறங்கி நடந்தார்கள். அப்பா குனிந்து பார்த்தபடி "வா, வா, இன்னும் ரெண்டு அங்குலம் இருக்கு" என்று கூட்டிவந்தார்.

மண்டபத்தில் அவர்களை வாசலில் இறக்கிவிட்டு வண்டியை உள்ளே திருப்பினேன். செக்யூரிட்டி கறுப்புப் பலகையைப் பார்த்தார், என் கசங்கிய சட்டையைப் பார்த்தார். "டிரைவருங்க வண்டியெல்லாம் அந்த வேப்பமரத்தடிப்பா" என்றார். வாதாடத் தெம்பில்லை. மரத்தடியில் நிழல் நன்றாக இருந்தது. பக்கத்து இன்னோவா டிரைவர் டீ வாங்கித் தந்தார்.

"எந்த ட்ராவல்ஸ்ணே?"

"நானேதான் எடுத்து ஓட்டுறேன்."

"ஓனர் கம் டிரைவரா? பார்ட்டி எப்படி?"

வாசலில் மனைவி கைப்பையைக் காணோம் என்று என்னைத் தேடிக்கொண்டிருந்தாள். "நல்ல பார்ட்டிதான்" என்றேன்.

"பேட்டா எவ்வளவு தர்றாங்க?"

"ஒண்ணும் கிடையாது. பெட்ரோலும் நான்தான் போடுறேன்."

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு இரக்கம். "இந்த மாதிரி பார்ட்டிய விட்டுருங்கண்ணே" என்றார்.

திரும்பி வந்து கணக்குப் பார்த்தால், லிட்டருக்கு 19 கொடுத்திருந்தது. எண்பதில் கட்டிப்போட்டதன் புண்ணியம்.

மறுநாள் வண்டியை எடுத்துப் போக அதே பையன் வந்தான். சுற்றிப் பார்த்துவிட்டு இடது பின் கதவில் நின்றான். "சார், இது புதுசா இருக்கே." நான் வீடியோவைத் திறந்தேன். மொத்தம் நாலு நிமிடம். அதில் மூன்றரை நிமிடம் என் கட்டைவிரல். வியர்த்துவிட்டது.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு டைரியைப் பிரித்தார். "மேற்படி வாகனத்தின் இடது பின் கதவில், கைப்பிடிக்குத் தெற்கே..." என்று ஆரம்பித்தார். இரண்டாவது பக்கம் திருப்புவதற்குள் பையன் டெபாசிட்டை அனுப்பிவிட்டான்.