மூலையில் ஏறிக்கொண்டே போன தகைப்பு

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அண்ணை ஒருவர், லாண்ட்மாஸ்டர் என்ற இரண்டு சக்கர உழவு இயந்திரத்தின் பெட்டியில் பூட்டும் எல் வடிவத் தாங்கியை என் கையில் தந்தார். "எல்லாம் உந்த மூலையிலதான் தம்பி வெடிக்குது" என்றார். இரண்டு தகடுகள் சேரும் உள்மூலையில், துரு ஏறிய ஒரு மயிர்க்கோடு. நகத்தால் இழுத்தால் தட்டுப்பட்டது.

வீட்டுக்கு வந்து அதை ஜிமெஷில் வரைந்து, கல்குலிக்ஸ் சால்வரில் ஓட்டினேன். இரண்டும் இலவச மென்பொருட்கள். ஜிமெஷ் பொருளை எலிமெண்ட் எனும் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, மெஷ் எனும் வலையாக்கும்; கல்குலிக்ஸ் ஒவ்வொரு துண்டிலும் வரும் தகைப்பை, அதாவது ஓரலகு பரப்பில் உள்ளே தாங்கும் விசையை, கணக்கிடும். 8 மில்லிமீற்றர் தகடு, 2500 நியூட்டன் விசை. கல்குலிக்ஸுக்கு அலகு என்று ஒன்று தெரியாது. மில்லிமீற்றரில் வரைந்தால் உருக்கின் விறைப்பைக் காட்டும் யங்கின் மட்டு என்ற எண்ணை 210000 என்று மெகாபாஸ்கலில்தான் கொடுக்க வேண்டும்.

முதல் ஓட்டத்தில் தாங்கி வளையவே மறுத்தது. கையால் போட்ட கணக்கில் வந்ததில் பாதிகூட இல்லை. 4 நோட் (துண்டுகள் இணையும் புள்ளி) கொண்ட நான்முகி எலிமெண்டுகளைத் தகட்டின் தடிப்புக்குள் ஒரே வரிசையாக வைத்திருந்தேன். அந்த எலிமெண்டுக்குள் தகைப்பு மாறாது, அதனால் வளைவை அது சரியாகக் காட்டாது. உருக்குக்கு உண்மையில் இல்லாத விறைப்போடு நிற்கும். 10 நோட் நான்முகிக்கு மாற்றியதும் கணக்கு ஒத்துவந்தது.

சரி, இனி மெஷை நுணுக்கினால் போதும் என்று நினைத்தேன். எலிமெண்ட் அளவை 8, 4, 2, 1 மில்லிமீற்றர் என்று குறைத்தேன். மூலையில் தகைப்பு 118, 161, 222, 303 மெகாபாஸ்கல். நிற்கவே இல்லை. ஒவ்வொரு முறை பாதியாக்கும்போதும் எலிமெண்டுகள் ஏறத்தாழ 8 மடங்காகும்; கடைசி ஓட்டத்துக்கு மடிக்கணினி நெடுநேரம் இரைந்தது. இரண்டு நாள் மெஷைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பிழை மெஷில் இல்லை. ஆரமே இல்லாத கூர் உள்மூலையில், நேர்கோட்டு மீள்தன்மைக் கோட்பாட்டின்படி (சுமைக்கு நேர்விகிதத்தில் வளைந்து, எடுத்ததும் பழையபடி திரும்பும் என்று கொள்வது) தகைப்பு முடிவிலி. வில்லியம்ஸ் என்ற ஆய்வாளர் இதை 1952இலேயே காட்டிவிட்டார். செங்கோண உள்மூலையில் அளவைப் பாதியாக்கினால் தகைப்பு சுமார் 1.37 மடங்காகும். என் எண்களை வகுத்துப் பார்த்தேன், அதேதான்! அந்த நேரம் எழும்பி முற்றத்தில் நடந்துவிட்டு வந்தேன், அவ்வளவு சந்தோஷம்.

அப்படியென்றால் மூலையை வெல்ட் பண்ணாமல், ஆரம் வரும்படி தகட்டை வளைத்தால் என்ன? தடிப்பு 6, 8, 10. உள்ஆரம் 3, 6, 9, 12. மொத்தம் 12 மாதிரிகள். பைதானில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, வரைவது, மெஷ் போடுவது, சால்வரை ஓட்டுவது, எண்ணை எடுப்பது எல்லாவற்றையும் ஒரே சுற்றில் கட்டினேன். இரவு ஓடவிட்டுப் படுத்தேன். காலையில் 12 விடைகளும் அழகாக இருந்தன, 12உம் பிழை. ஆரம் போட்டதும் ஜிமெஷ் முகங்களுக்கு (பொருளின் ஒவ்வொரு மேற்பரப்புக்கும்) இடும் எண்கள் மாறிவிட்டன. என் சுமை வேறொரு சின்ன முகத்தில் போய் உட்கார்ந்திருந்தது. தாங்கியைப் பிடித்திருக்கும் இடத்தில் எதிர்விசைகளைக் கூட்டினால் வைத்த சுமையே வர வேண்டும்; கூட்டிப் பார்த்தேன், 2500 வர வேண்டிய இடத்தில் 410.

அன்றிலிருந்து முகத்தை எண்ணால் தேடுவதில்லை, அது இருக்கும் இடத்தைச் சுற்றி ஒரு பெட்டி வரைந்து தேடுகிறேன். எதிர்விசை ஒத்துவராவிட்டால் ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்கும். தானாக ஓடும் எதற்கும் இந்தச் சோதனையை முதலில் எழுதுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

8 மில்லிமீற்றர் தகட்டில், 12 மில்லிமீற்றர் உள்ஆரத்தில், மெஷை நுணுக்க நுணுக்கத் தகைப்பு 139, 141, 141 மெகாபாஸ்கல் என்று நின்றது. அந்த உருக்கு நிரந்தரமாக வளையத் தொடங்குவது 250இல். ஆனால் மயிர்க்கோடு வந்தது திரும்பத் திரும்பக் குலுங்கியதால். என் கணக்கு ஒருமுறை வைத்த சுமைக்கு மட்டும். இதையும் அண்ணையிடம் சொன்னேன்.

அவர் படத்தைப் பார்க்கவில்லை. "ஆரம் பன்ரெண்டோ?" என்று கேட்டுவிட்டு, மூலையில் கிடந்த 24 மில்லிமீற்றர் உருண்டைக் கம்பியை எடுத்து, தகட்டை அதன் மேல் வைத்துப் பார்த்தார்.